கண்ணுக்கு நேரே பிடித்த பலகை

...இன்னும் ஒரு விரற்கடை மேலே, அவ்வளவுதான், அவன் நெற்றிக்கும் பலகையின் விளிம்புக்கும் நடுவில் வானம் தெரியக் கூடாது, வானம் தெரிந்தால் கூரை தெரியும், கூரை தெரிந்தால் அதன்மேல் ஏறி உட்கார்ந்து கஷ்கொட்டை உரித்துத் தின்கிறவன் தெரிவான், அப்புறம் அவனுடைய சிரிப்பு தெரியும், அதோடு ஓர் ஆத்துமம் போச்சு, சாகப் போகிறவர்களுக்குத் துணை போகிற எங்கள் சபையில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள், தூக்குமரத்துக்கு நடக்கிறவன் கண்ணில் கடைசி மூச்சு வரை ஆண்டவரைத் தவிர வேறெதுவும் படக் கூடாது, அதற்குத்தான் இந்தப் பலகை, ரொட்டி அடுப்பில் மாவு தள்ளுகிற துடுப்பு மாதிரி கீழே ஒரு கைப்பிடி, மேலே இரண்டு பக்கமும் படம், ஒரு பக்கம் அவனுக்கு, மறுபக்கம் பிடித்துக்கொண்டு போகிற எனக்கு, இரண்டும் நான் வரைந்தது. வரைந்ததோடு நிறுத்தியிருக்கலாம். பழைய பலகையில் ஆண்டவருடைய பாதம் இருந்த இடத்தில் வெறும் மரம்தான் மிச்சம், ஏணியில் ஏறுமுன் ஒவ்வொருவனும் முத்தமிடுவான் இல்லையா, உதடு பட்டுப் பட்டே வண்ணம் தேய்ந்து போயிருந்தது, அதைப் பார்த்துவிட்டு நான்தான் சபைக் கூட்டத்தில் எழுந்து புதிதாக ஒன்று வரைந்து தருகிறேன், கூலி வேண்டாம் என்றேன், எல்லாரும் தலையாட்டினார்கள், அப்போதாவது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், இல்லை, முதல் தடவை நானே பிடித்துக்கொண்டு போகிறேன் என்று சேர்த்துச் சொன்னேன், பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்... பக்தியா? உண்மையைச் சொல், லத்தான்சியோ. பீடத்துக்கு மேலே தொங்குகிற படத்தை யார் பார்க்கிறார்கள், முன் பெஞ்சுக்காரியின் காதணியைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு பார்க்கிறார்கள், ஆனால் இவன், இவனுக்குப் பார்க்க வேறு எதுவுமே இல்லை, என் கைவேலையை இப்படி இமை கொட்டாமல் பார்க்கப் போகிறவன் பொலோன்யாவிலேயே இவன் ஒருவன்தான், அது அவனை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை, அவ்வளவுதான். அந்த ஆசையின் பலனை என் இடது தோள் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்க வேண்டியிருக்கிறது, முன்னால் போகிறவர்களின் தீவட்டிப் புகை ஒரு பக்கம், காலில் தட்டுகிற கறுப்பு அங்கி ஒரு பக்கம், தலையை மூடிய முக்காட்டில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை, அதன் வழியாக எனக்குத் தெரிவது பலகையின் என் பக்கம் மட்டும்தான், அவன் முகம்கூட இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை, பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சுக் காற்றாக, ஒரு குரலாக வருகிறான். எர்கோலே. பட்டு முறுக்கும் ஆலையில் தச்சன். கொலைகாரன் இல்லை, கொள்ளைக்காரன் இல்லை, எங்கள் ஊர் ஆலைச் சக்கரம் தண்ணீரில் எப்படிச் சுற்றுகிறது, ஒரே சுற்றில் இத்தனை நூற்கண்டுகளை எப்படி முறுக்குகிறது என்று வெளியூர் வியாபாரி ஒருவனுக்கு மரத்தில் சின்னதாகச் செதுக்கிக் காட்டினான், அதுதான் குற்றம், அந்த ரகசியம் வெளியே போனால் இந்த ஊர் அடுப்பில் பூனை தூங்கும் என்று பெரியவர்கள் சட்டம் போட்டிருக்கிறார்கள், சட்டம் சட்டம்தான்... எதற்கடா செதுக்கினாய் என்று கேட்டதற்கு, அவர் அழகாயிருக்குன்னு சொன்னாரு, முழுசாக் காட்டணும்போல இருந்துச்சு என்றானாம் நீதிபதியிடம். காசுக்காக என்று சொல்லியிருந்தாலாவது அவர்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரிந்தது, புரிந்ததனாலேயே நேற்று அவனோடு உட்கார்ந்திருந்தபோது அவன் கையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன், உளி பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல், நல்ல கை, வரைய ஏற்ற கை, சீ, இந்த நேரத்தில் என்ன நினைப்பு.

அவனுக்கு அந்தப் பக்கம் பொம்பேயோ, பத்திரம் எழுதுகிறவர், சபையில் என்னைவிட மூத்தவர், அவன் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டே மன்றாட்டு மாலை பாடுகிறார், புனித செபஸ்தியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், புனித லவுரேஞ்சியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், சுருதி அந்தக் காலத்திலிருந்தே கிடையாது மனிதருக்கு, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடுவார், அது பொய் இல்லை. எர்கோலேயும் சேர்ந்து சொல்கிறான், வேண்டிக்கொள்ளும், வேண்டிக்கொள்ளும், குரல் நடுங்கவில்லை, படம்தான் அவனைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது என்று ஒரு கணம் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, பிறகுதான் நேற்று நடந்தது ஞாபகம் வந்து அந்தக் குளிர் அப்படியே வடிந்துபோனது. நேற்று சாயங்காலம் சிற்றாலயத்தில் பலகையை முதன்முதலில் அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன், சிலுவையில் ஆண்டவர், விலாவில் காயம், கண் பாதி மூடிய நிலை, இரவும் பகலும் உட்கார்ந்து இழைத்தது, இவன் முழந்தாளில் இருந்தவன் அப்படியே பார்த்தான், பார்த்தான், உதடு துடித்தது, அழப் போகிறான் என்று நினைத்தேன், சிரித்துவிட்டான். ஐயா, இது நம்ம பியாஜோதானே, சணல் கிடங்குல மூட்டை தூக்குறவன், என்றான். எனக்குத் தரை பிளந்து விழுங்கிவிடாதா என்று இருந்தது. பியாஜோதான். தோளும் விலாவும் அப்படி அமைந்த ஆள் இந்த ஊரில் வேறு யார், ஒரு குடுவை மதுவுக்கு நாள் முழுக்கக் கையை விரித்துக்கொண்டு நிற்பான், எல்லாரும் அப்படித்தான் வரைகிறோம், சந்தையிலிருந்து மாதாவையும் சத்திரத்திலிருந்து அப்போஸ்தலர்களையும் கூட்டி வருகிறோம், ஆனால் சாகப் போகிறவனின் கண்ணில் கடைசியாக நிற்கப் போகிறது அவனோடு சீட்டாடுகிற ஆளுடைய முகம் என்றால்... இதை யோசித்தாயா நீ? யோசிக்கவில்லை. பொம்பேயோ பதறிப்போய், மகனே, அது ஆண்டவர், ஆண்டவர் என்றார். ஆண்டவர்தான், யாரு இல்லைன்னது, தெரிஞ்ச முகமா இருக்கிறது நல்லதுதான், என்றான் இவன். அந்த வார்த்தையைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று நேற்றிலிருந்து புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன்.

அதுகூடப் பரவாயில்லை, என்னை உறுத்துகிற விஷயம் வேறு. ஒர்சோலா. அவன் மனைவி. நேற்று மத்தியானம் சபையின் பக்கவாட்டுக் கதவருகே நின்றிருந்தாள், கையில் துணி சுற்றிய பிள்ளை, அவன் சிறைக்குப் போன பிறகு பிறந்த பெண், அவன் இன்னும் கண்ணால் பார்க்காத பெண், உறவுக்காரர்களை உள்ளே விடுவதில்லை, பார்த்தால் மனசு பூமியோடு ஒட்டிக்கொள்ளும், ஆத்துமம் கிளம்பாது என்பது முறை, நானும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை, அழுதிருந்தால் தப்பித்திருப்பேன். நாளைக்கு ரொட்டிக்கடை மூலையில, அந்தக் கல்படி மேல நிப்பேன், பிள்ளையத் தூக்கிப் புடிப்பேன், அவருக்குச் சொல்லிருங்க ஐயா, என்றாள், சந்தைக்குப் போகிறவளிடம் கீரை வாங்கி வரச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக. நான் தலையை ஆட்டித் தொலைத்தேன். ஆட்டியதோடு விட்டேனா, சாயங்காலம் பொம்பேயோ செபப்புத்தகம் எடுக்கப் போன இடைவெளியில் இவன் காதில் சொல்லியும்விட்டேன். இவன் பலகையை ஒருமுறை பார்த்தான். பிறகு, அந்த மூலை வந்தா பலகையக் கொஞ்சம் இறக்குவீங்களா, ஐயா, ஒரு மூச்சு, பிள்ளை எப்படி இருக்குன்னு பாத்துட்டு நானே திரும்பிக்கிறேன், உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டேன், என்றான். இறக்குகிறேன் என்று நான் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வழவழா கொழகொழா என்று எதையோ முனகினேன், அவன் அதை வாக்காக எடுத்துக்கொண்டான், எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் முனகினேன். மீன் சந்து தாண்டியாகிவிட்டது, கால்வாய் வாசம் வருகிறது, அடுத்த வளைவு, அதற்கடுத்து ரொட்டிக்கடை... இறக்கப் போகிறேனா இல்லையா?

"ஐயா" என்றது குரல், பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மன்றாட்டு மாலைக்கு நடுவே, மெதுவாக. "படம் பளபளங்குது. ஒண்ணுமே தெரியல. கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க."

பனி விலகி வெயில் வந்துவிட்டது, தூண்வரிசை நிழலை விட்டு வெளியே வந்ததும் வார்னிஷில் வெயில் அடிக்கிறது, அட மடையா, மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து மெழுகுவத்திக்கு ஏற்ற மாதிரி அடுக்கடுக்காக இருட்டைப் பூசி அதன்மேல் வார்னிஷை வழிய விட்டாயே, இது கோவில் சுவரில் தொங்கப் போகிற படமா, நடுத்தெருவில் நடக்கப் போகிற படம் அல்லவா, இவ்வளவு நேரம் அவன் பார்த்தது ஆண்டவரை அல்ல, ஒரு பளபளப்பை, கண்ணைக் கூசுகிற வெள்ளைத் தகட்டை. எல்லாக் கர்வமும் ஒரே அடியில் போயிற்று. சாய்த்தேன். கொஞ்சமாகச் சாய்த்ததும் உடனே ஒரு சந்தேகம், விளிம்பைத் தாண்டிப் பார்க்கத்தான் சாய்க்கச் சொல்கிறானோ, தச்சன், சாய்மானம் தெரிந்தவன், எந்தக் கோணத்தில் எது தெரியும் என்று அவனுக்கா தெரியாது... தெரியட்டுமே, மூலை இன்னும் வரவில்லை, இங்கே பார்க்க என்ன இருக்கிறது, மாட்டுச்சாணியும் தலைகளும்தான். இப்பத் தெரியுதா, தம்பி, என்று கேட்டேன். தெரியுது, விலாவுல ரத்தம் தெரியுது, என்றான். முகம்? முகம் இன்னும் இல்ல. இன்னும் சாய்த்தேன். பியாஜோ வந்துட்டான், என்றான், அதில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று பலகைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பொம்பேயோ பாட்டை நிறுத்தாமலே முக்காட்டுக்குள்ளிருந்து என்னை முறைத்தார், அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காலையில் அங்கி மாட்டிக்கொள்ளும்போதே என்னைத் தனியாக இழுத்து வைத்து, ஏம்ப்பா, உன் மூஞ்சி சரியில்லையே, நீ பாட்டுக்கு இளகிப்போய் ஏதாவது பண்ணி வைக்காதே, அஞ்சு நிமிஷக் கருணை அவனுக்கு எத்தனை காலத்து நெருப்புன்னு உனக்குத் தெரியுமா என்றார். தெரியும். நானும் நம்புகிறவன்தான், சும்மா வேஷத்துக்கு அங்கி போடவில்லை. மனைவி அலறுகிற சத்தம் கேட்டு ஏணிப்படியிலிருந்து திரும்பி எல்லாரையும் சபித்துக்கொண்டே செத்தவன் ஒருவனைப் பற்றிச் சபையில் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள், அவனுக்காகப் பூசை வைப்பதா கூடாதா என்று இன்றைக்கும் சண்டை. அப்படி ஆகிவிட்டால்? அந்தப் பிஞ்சு முகத்தைப் பார்த்த மறுநொடி இவன் கட்டுகளை இழுத்துக்கொண்டு கத்தினால், சாக மாட்டேன் என்று தரையில் விழுந்து புரண்டால், இவ்வளவு நேரம் சேர்த்துவைத்த அமைதி எல்லாம் கொட்டிப் போனால், அது யார் தலையில்? என் தலையில். ஆனால் பார்க்காமலே போனால்? மகளைப் பார்க்காத அப்பன் மோட்சத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன நினைப்பான், அங்கே எல்லாம் தெரியும், எல்லாம் பார்க்கலாம் என்கிறார்கள், அப்படியானால் ஒரு மூச்சு முன்னதாகப் பார்த்தால் ஆண்டவருக்கு என்ன நஷ்டம்... இப்படியெல்லாம் யோசிக்கிறவனை எந்தப் புண்ணியவான் இந்த வேலைக்குச் சேர்த்தான்? பலகையைப் பிடிக்க நல்ல கை போதாது, கெட்டியான நெஞ்சு வேண்டும், எனக்கு அது கிடையாது, எனக்கு இந்த மனிதன்மேல் பாசம் வந்துவிட்டது, ஒரே நாளில், போதாக்குறைக்கு என் படத்தைப் பார்த்துச் சிரித்தவன்மேல்.

என் பக்கத்துப் படத்தையாவது பார்க்கலாம் என்றால் அங்கே நானே நிற்கிறேன். ஸ்நாபக அருளப்பர் குனிந்திருக்கிறார், தலைக்கு மேலே வாளை ஓங்கிக்கொண்டு கொலையாளி, அந்த வாரம் பியாஜோவுக்குக் காய்ச்சல், வேறு ஆள் சிக்கவில்லை, கண்ணாடியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு என் முகத்தையே வரைந்துவிட்டேன், சபையில் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள், பாவியான தன்னைக் கொலையாளியாக வரைந்திருக்கிறான், என்ன தாழ்ச்சி என்றார்கள், நானும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன், ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லத் தோன்றவில்லை. இப்போது கை நீளத் தூரத்தில் அந்த முகத்தை வழி முழுக்கப் பார்த்துக்கொண்டு வருகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சல், நெற்றியில் விழுகிற வெளிச்சம், இறுகிய தாடை, ஓங்கிய கையின் நரம்பு, ஆனால் கண்ணில் ஒன்றுமே இல்லை, தலையை வெட்டப் போகிறவனின் கண் மாதிரியே இல்லை, கண்ணாடியில் தன் மூக்கை அளந்துகொண்டிருக்கிற ஓவியனின் கண். வெட்டுகிறவன் குனிந்திருக்கிறவரைப் பார்க்கவே இல்லை. இத்தனை நாள் இது எப்படித் தெரியாமல் போனது?

ரொட்டி வாசம். சட்டென்று அடித்தது, சூடான, புளித்த, கொஞ்சம் கருகிய வாசம், எனக்கே வாயூறியது, அவனுக்கும் அடித்திருக்கும், மூக்குக்குப் பலகை கிடையாதே. மன்றாட்டு மாலையில் அவனுடைய குரல் நின்றுபோனது. பொம்பேயோ மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டு, இந்த இடம்தான் என்று அவருக்கு எதுவும் தெரியாது. எர்கோலே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், அது எனக்குக் கேட்டது, காத்திருக்கிற மூச்சு. இறக்கத்தான் போகிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ஆகிறது ஆகட்டும், பழி என்னோடு போகட்டும், ஒரு மூச்சுதானே, முதலில் அவள் எங்கே நிற்கிறாள் என்று நான் பார்த்துவிட்டு, சரியாக அந்தத் திசையில், வேறெதுவும் படாமல், படியை மட்டும் காட்டுகிற மாதிரி இறக்குகிறேன் என்று கழுத்தைத் திருப்பினேன். முக்காட்டின் ஓட்டை கண்ணுக்கு நேரே வர ஒரு கணம் ஆயிற்று. கடை தெரிந்தது. கல்படி தெரிந்தது. படியில் யாரும் இல்லை.

இல்லை என்றால், படியைச் சுற்றிலும் கூட்டம், ஆண்கள், கூடைக்காரிகள், ஒருவன் தோள்மேல் ஒரு சிறுமி, படி மட்டும் காலியாக இருந்தது, ரொட்டிக்காரன் மனைவி மாவுக் கையோடு அதை மறித்துக்கொண்டு யாரையும் ஏறவிடாமல் நின்றாள், அப்படியானால் அவளுக்காகத்தான் இடம் பிடித்து வைத்திருந்திருக்கிறார்கள், ஒர்சோலா வரவில்லை. முகம் முகமாகத் தேடினேன், சந்துக்குள், தூணுக்குப் பின்னால், மாடி ஜன்னல்களில், இல்லை, எங்கேயும் இல்லை. வழியில் தடுத்துவிட்டார்களா, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா, கிளம்பி வந்து பாதி வழியில் கால் வராமல் எங்கேயாவது உட்கார்ந்துவிட்டாளா, உட்கார்ந்திருப்பாள், யார்தான் வருவார்கள், நேற்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆசை காட்டியது நான். காதில் ஓதியது நான். இப்போது பலகையை இறக்கினால் அவன் பார்க்கப் போவது ஒரு வெறும் கல்லை. இறக்காமல் விட்டால் வாக்கை மீறினேன் என்று நினைத்துக்கொண்டு சாவான், அவள் அங்கே நின்றாள், இந்தப் பாவி காட்டவில்லை என்று... அதுகூட நல்லதுதானே, என்மேல் கோபம் இருந்துவிட்டுப் போகட்டும், அவள் வந்தாள் என்ற நினைப்பு அவனுக்கு மிஞ்சும். ஆனால் கோபத்தோடு செத்தால் ஆத்துமம்? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். யோசித்துக்கொண்டே காலம் கடத்த முடியாது, கால்கள் நடந்துகொண்டே இருக்கின்றன.

"வந்திருக்காளா, ஐயா?" என்றான்.

"வந்திருக்கா" என்றேன். "படிமேல நிக்கிறா."

சொல்லியாயிற்று. அவ்வளவுதான், கதவு சாத்தியாயிற்று, இனி இறக்க முடியாது. பலகை ஆடுது, தம்பி, இறக்க முடியல, பின்னாடி காவல்காரன் பாக்கிறான், நான் சொல்றேன், கேட்டுக்கோ, என்று என்னென்னமோ உளறினேன், கழுத்தைத் திருப்பி அந்தக் காலிப் படியையே பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன், எங்கிருந்து வந்ததோ தெரியாது, மடை திறந்த மாதிரி வந்தது. பிள்ளையைத் தூக்கிப் பிடிச்சிருக்கா, இடது கையில, வலது கையால தலையத் தாங்கிக்கிட்டு, வெயில் நேரா பிள்ளை கன்னத்துல விழுது, அவ தலையில மஞ்சத் துணி கட்டியிருக்கா, காத்துல அதோட நுனி பறக்குது, பின்னாடி கல்சுவரு, அதுக்கு முன்னால அந்த மஞ்சள்... நிறுத்தினேன்.

"அவகிட்ட மஞ்சத் துணியே கிடையாதே, ஐயா."

கிடையாது, எனக்கே தெரியும், நேற்று பார்த்தேனே, பழுப்பு, ஒட்டுப் போட்ட பழுப்புச் சால்வை, கண் அதைப் பார்த்தது, மனசில் பதிந்தும் இருந்தது, ஆனால் சொல்லும்போது சாம்பல் நிறக் கல்சுவருக்கு முன்னால் பழுப்பை வைக்க என் வாய் ஒப்பவில்லை, பழுப்பு அங்கே செத்துப்போகும், கண் போய் நிற்க அந்த இடத்தில் ஒரு மஞ்சள் வேண்டும், என் எல்லா மாதாவுக்கும் நான் அப்படித்தான் வைப்பேன், கை பழகிய பழக்கம், சாகப் போகிறவனிடம் பொய் சொல்லும்போதுகூட என்னால் அழகில்லாமல் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது. இவ்வளவு வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. மன்னிச்சுரு தம்பி என்று சொல்லலாமா, சொன்னால் எல்லாமே உடைந்துவிடுமே, பொம்பேயோ புனித கத்தரீனாளிடம் வந்துவிட்டார், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்...

"பரவாயில்ல, சொல்லுங்க" என்றான் எர்கோலே. குரலில் கோபம் இல்லை, அவசரமும் இல்லை. "பிள்ளை என்ன பண்ணுது?"

சொன்னேன். என்ன செய்ய, சொன்னேன். மூலையைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்தும் கழுத்தை வளைத்துப் பின்னால் அந்தப் படியையே பார்த்துக்கொண்டு, அங்கே எழுதி வைத்திருப்பதைப் படிக்கிறவன் மாதிரி சொன்னேன். இந்தத் தடவை அழகாக வரவில்லை. தூங்குது, வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குது, தலையில முடியே இல்ல, நெத்தியில பால் காஞ்சு பொருக்குத் தட்டியிருக்கு, மூக்கு சப்பை, மூக்கு உன்னோடதுதான்னு நினைக்கிறேன், காதுகிட்ட ஒரு கீறல், தன் நகத்தாலேயே கீறிக்கிட்டிருக்கு, துணிக்குள்ள இருந்து ஒரு கை மட்டும் வெளிய வந்திருக்கு... இப்படி ஒரு பிள்ளையை நான் வரைந்ததே இல்லை, நான் வரைகிற குழந்தைகள் எல்லாம் பிறந்த அன்றே ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கும், இது யாருடைய குழந்தை, நேற்று அவள் கையிலிருந்த துணிப் பொட்டலத்துக்குள் நான் எதைத்தான் பார்த்தேன், இவ்வளவும் பார்த்தேனா, அல்லது எனக்கும் என் மனைவி கத்தரீனாவுக்கும் பிறந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனதே, அதன் நெற்றியா இது... அதைப் பற்றி நான் யோசிப்பதே இல்லை, அவளும் பேசுவதில்லை, ஆனால் அந்தக் கீறல், ஆமாம், அந்தக் கீறலை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். கை எப்படி இருக்கு என்று கேட்டான் அவன். கை, என்றேன், அந்தக் கை...

"பலகை" என்று சீறினார் பொம்பேயோ. "லத்தான்சியோ, பலகை, பலகை."

திரும்பினேன். என் எதிரே படம் இல்லை, கொலையாளி இல்லை, எர்கோலேயின் முகம் இருந்தது, முழு முகம், வெயிலில், சவரம் செய்யாத தாடையோடு. பலகை என் தொடையருகே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது, தோள் மரத்துப்போய் எனக்குத் தெரியாமலே கை இறங்கிப்போயிருக்கிறது. சந்தைத் திடல் வந்துவிட்டது, என் முதுகுக்குப் பின்னால் தூக்குமரம், அவனுக்கு நேர் எதிரே, ஏணி சாத்தி, கயிறு ஆடிக்கொண்டு, எதையும் மறைக்க எதுவும் இல்லை, பார்க்கக் கூடாத எல்லாமும் அவன் கண் முன்னே இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அலறவில்லை, யாரையும் சபிக்கவில்லை, என் முக்காட்டின் இரண்டு ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான், பேச்சு வருகிற இடத்தைப் பார்க்கிறவன் எப்படிப் பார்ப்பானோ அப்படி. எப்போது இறங்கியது? இந்தத் திடலுக்கு வந்த பிறகா? சந்தில் வரும்போதா? அல்லது நான் கழுத்தைத் திருப்பினேனே, ரொட்டிக்கடை மூலையில், அப்போதே கையும் கூடவே... அப்போதே என்றால் அவன் அந்தப் படியைப் பார்த்திருக்கிறான். காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்காளா என்று கேட்டிருக்கிறான். பார்த்துவிட்டுத்தான், பரவாயில்ல, சொல்லுங்க என்று சொல்லியிருக்கிறான். அப்படியானால் அந்தப் பிள்ளையை அவன் கேட்டது யாருக்காக? எனக்கு விளங்கவில்லை, கண்ணை மறைத்த நீரில் அவன் முகமும் விளங்கவில்லை, பொம்பேயோ என் கையிலிருந்து பலகையைப் பிடுங்கப் பார்க்கிறார், நான் விடவில்லை, தூக்கவும் இல்லை.

"கையப் பத்திச் சொல்லிட்டிருந்தீங்க" என்றான் எர்கோலே.